யவனர் எழுதிய தென்னிலத்தார் நிறமும் குலமும்

மன்னாருக்குத் தெற்கே, முத்துக்குளிப்பாற் புகழ்பெற்ற சிலாவத்துறையையுங் கடந்து கரையோரமாகச் சென்றால் குதிரைமலை முனையை அடையலாம். உரோம ஆசிரியராகிய பிளினி 'இப்புரோஸ்' என்று குறித்த துறைமுகம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் சிலரது கருத்து. 'இப்போஸ்' என்னுங் கிரேக்கச் சொல்லுக்குக் குதிரை என்பது பொருள். பெயரொற்றுமை மட்டும் உறுதியான சான்றாகாது. ஆயினும், இக்கரையின் முத்தைத் தேடியவர்கள் இங்கு வாழ்ந்த மக்களைப் பற்றி என்ன எழுதினர் என்பது அறியத்தக்கது.

கருநிற மக்களைக் குறிப்பிடும்போது கிரேக்கர் கையாண்ட அளவுகோல்கள் இரண்டு: ஒருவர் எகிப்தியர், மற்றவர் எதியோப்பியர். கி. மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், கருங்கடற் கரையிலிருந்த கொல்கியரை எகிப்திய வழிவந்தோர் என்றார். இருவரும் கரிய மேனியும் சுருண்ட மயிரும் உடையவர் என்று காட்டிய அவரே, வேறு மக்களும் அவ்வாறிருத்தலால் அது மட்டும் போதாது என்று கூறி, விருத்தசேதன வழக்கத்தையே சிறந்த சான்றாகக் கொண்டார். நிறத்தைக் கொண்டு குலத்தைத் துணிய முற்பட்ட பிற்காலத்தார் பலரிடம் இந்த எச்சரிக்கை இருக்கவில்லை.

இதே அளவுகோலை இந்தியர்மீதும் வைத்தனர். வடபுலத்தார் எகிப்தியரை ஒப்பர். தென்புலத்தார் நிறத்தில் எதியோப்பியரை ஒப்பர். ஆனால் தட்டை மூக்கோ சுருண்ட மயிரோ உடையரல்லர் என்று அர்ரியன் எழுதினார். இந்நிறத்துக்குக் காரணம் யாது? அலெக்சாந்தரின் மாலுமியாகிய ஒனெசிக்ரிட்டஸ், தண்ணீரே காரணம் என்றார். வேற்றுநாட்டு மாடுகள் இந்நாட்டு நீரைப் பருகி நிறம் மாறுகின்றன என்பது அவர் காட்டிய சான்று. வெயிலே காரணமாயின், கதிர்படாத கருவறைக் குழந்தைக்கு நிறம் எங்ஙனம் வந்தது என்றும் வினவினார். ஸ்ட்ராபோ இதனை ஒப்பவில்லை. வெயிலே காரணம்; இந்தியாவின் ஈரக்காற்று அதன் கடுமையைத் தணித்தது; குழந்தையோ பெற்றோரிடமிருந்து நிறத்தைப் பெறுகிறது என்றார். மாட்டுக் கதையைத் தள்ளிவிட்டால், இவ்வழக்கில் ஸ்ட்ராபோவின் பக்கமே வலியது. வெங்கதிர் மிகுந்த நாடுகளிற் பல தலைமுறைகளாக வாழ்ந்தோரிடம் கருநிறம் நிலைபெற்று, மரபுவழியே இறங்குகிறது என்பது இன்றைய உயிரியலின் முடிபு.

இலங்கையைப் பற்றி மெகஸ்தனிஸ் கூறியதாகப் பிளினி தரும் செய்தி சுவையானது. தப்ரபேனில் வாழ்வோர் 'பலையோகொனோய்' எனப்படுவர். அங்கே பொன்னும் பெருமுத்தும் இந்தியாவிலும் மிகுதி என்பது அது. அப்பெயருக்குப் 'பழம்பிறப்பினர்' என்று பொருள் கொள்ளலாம். பழங்குடி என்னும் நம் சொல்லுக்கு அது மிக அண்மையது. தொலமியோ இத்தீவினரைச் 'சலாய்' என்றழைத்து, பெண்களைப்போல் நீண்ட கூந்தலுடையர் என்று மட்டும் குறித்தார்.

இவர்களுட் பெரும்பாலார் தீவைக் கண்டவரல்லர். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் (கி. பி. 41–54) நிலைமை மாறியது. அன்னியஸ் புளோக்கமஸ் என்பானிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இப்புரோசை அடைந்தான். ஆறு திங்கள் அவனை விருந்தோம்பிய அரசன், பல மன்னர் தலைபொறித்த உரோம நாணயங்கள் யாவும் ஒரே எடையாயிருத்தலை வியந்து, இராக்கியாஸ் தலைமையில் நால்வரைத் தூதனுப்பினான்.

தீவினர் நேரில் வந்து பேசியபோது பிளினி எழுதியது வேறு வகையானது. தூதரின் மேனிநிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடிமை வைத்திருப்போர் அங்கில்லை. முதுமையும் இரக்கமும் உடைய, மகப்பேறற்ற ஒருவனையே மக்கள் அரசனாகத் தெரிவர். முப்பது அறிவுரையாளரிற் பெரும்பாலார் இணங்காமல் எவருக்கும் மரணதண்டனை இல்லை என்பனவே அவர் பதிந்த செய்திகள். இவற்றுட் சில புனைந்துரையாகவும் இருக்கலாம்.

நிறத்தைப் பற்றிப் பேசியவர் தூதரே. இமயத்துக்கு அப்பாலுள்ள சீரர் என்னும் மக்கள் மிக நெடியர், செம்மயிரும் நீலக்கண்ணும் உடையர், கரடுமுரடான குரலினர் என்றனர். அம்மக்களோடு பேச மொழி இல்லாமையால், ஆற்றின் அக்கரையிற் பண்டங்களை வைத்துவிட்டு வருவதே வாணிக முறை என்றும் உரைத்தனர். இராக்கியாசின் தந்தை அந்நாட்டுக்குச் சென்று வந்தவராம்.