மலைமேல் ஏரியும் மலையடி ஊரும்

(கிராம ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஏரி என்றதும் கரையும் மதகும் கலங்கலும் நம் நினைவுக்கு வருகின்றன. இமயமலையிலோ மனிதர் கைபடாமலே உண்டாகும் ஏரிகள் உள. பனியாறு உருகிப் பின்வாங்குகையில், தான் கொணர்ந்த கல்லையும் மண்ணையும் வரம்புபோல் குவித்துச் செல்கிறது. உருகிய நீர் அதன்பின் தேங்குகிறது. இக்கரையைக் கட்டியவர் எவருமில்லை. பனிப்பாறையோ மலைச்சரிவோ ஏரிக்குள் இடிந்து விழுந்தால், எழும் அலையே கரையை அரித்து உடைத்துவிடும்.

சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள தென் லோனாக் ஏரியில் 2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு இதுவே நேர்ந்தது. வெள்ளம் தீஸ்தா நதிவழியே பாய்ந்து, சுங்தாங்கிலிருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலும் பலர் காணாமற் போயினர். செப்டம்பர் 28ஆம் நாள் 167 ஹெக்டேர் பரப்பிலிருந்த ஏரி, அக்டோபர் 4ஆம் நாள் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அது எவரும் அறியாத ஏரியன்று. அது விரிந்து வருவதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்தனர். 2016இல் குழாய்கள் அமைத்து நீரை வடிக்கும் முயற்சியும் நடந்தது. ஏரியின் படம் இருந்தது. ஆனால் அது உடைந்தவுடன் கீழுள்ள ஊர்களை எழுப்பிவிடும் முழுமையான ஏற்பாடு அன்றிரவு இல்லை.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இமயத்து நதிப்படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 2,431. அவற்றுள் 676 ஏரிகள் 1984 முதல் பெரிதும் விரிந்துள்ளன. இவற்றிலும் 130 மட்டுமே இந்திய எல்லைக்குள் இருப்பவை. எல்லைக்கு அப்பாலுள்ளவற்றையும் நோக்கச் செயற்கைக்கோளே துணை. எனினும் ஏரியின் ஆழத்தையும் கரைக்குள் மறைந்த பனிக்கட்டியையும் அறிய, மனிதர் நேரில் சென்று அளந்தாக வேண்டும். நேபாளத்தில் இம்ஜா ஏரியை அவ்வாறு ஆராய்ந்து, 2016இல் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் தாழ்த்தினர்.

அளப்பது நிபுணர் பணி. அதன் பயனை ஊர்வரை கொண்டு சேர்ப்பது நம்போன்ற வளர்ச்சி ஊழியர் பணி. அபாயச் சங்கு ஒலித்தால் ஏறவேண்டிய மேடு எது, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் யார் என்பவற்றை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இரவிலும் ஒத்திகை பார்க்க வேண்டும். சங்கு பழுதின்றி ஒலிக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். இவை நடைபெறும் ஊரில்தான் விஞ்ஞானிகள் வரைந்த படம் உயிர்காக்கும்.