ஆறு தந்திகளும் நமது ஆலயமும்

(யூபிலி விழாவை முன்னிட்டுப் பாடகர் குழுவினரிடையே பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலித் திருப்பலியிலே கித்தார் இசைக்கலாமா, கூடாதா என்று மூன்று ஞாயிறுகளாக நமது ஆரம்பாக்கம் பங்கிலே ஒரு வழக்கு நடந்து வருகிறது. "ஆர்மோனியமும் தபேலாவும் போதும், சாமி, கித்தார் சினிமாக் கச்சேரிக்கு உரியது" என்கிறார்கள் பெரியவர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலே இரவு ஷிப்டு முடித்து, கண் எரிச்சலோடு ஒத்திகைக்கு ஓடி வரும் இளைஞர்களோ, "எங்களுக்குத் தெரிந்தது இதுதானே, சாமி" என்கிறார்கள். தீர்ப்பு சொல்லுமுன் சிறிது சரித்திரம் பார்ப்போம்.

இன்று நாம் காணும் கித்தாரின் உருவம் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலே அந்தோனியோ தே தோரஸ் என்னும் தச்சரின் கையில் பக்குவப்பட்டது. அந்நாட்டின் தென்பகுதியிலே ஜிப்சி மக்களின் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அது துணை போயிற்று. ஆடுபவரின் காலடி ஓசைக்கு ஈடுகொடுக்க வேண்டுமல்லவா? ஆகவே வலக்கை விரல் நகங்களை விசிறிபோல் விரித்துத் தந்திகளை அடிக்கும் முறை அங்கே வளர்ந்தது. அங்கே வித்துவான் என்றால் வலக்கையின் தாளத்திலே வல்லவன்.

அதே கருவி ஹவாய்த் தீவுக்குப் போனது. அம்மக்கள் அதை மடிமீது கிடத்தி, தந்திமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசித்தார்கள். அம்முறை இந்தியாவுக்கு வந்தபோது நம்மவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மரத்துண்டை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் முன்பே இருந்ததே! பிரிஜ் பூஷண் கப்ரா அதிலே இராகம் வாசித்தார். விஷ்வ மோகன் பட் கூடுதல் தந்திகள் பூட்டி, மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-இல் கிராமி விருதும் பெற்றார்.

நமது கர்நாடக இசைக்குக் கித்தாரிலே ஒரு தடை உண்டு. அதன் மெட்டுகள் சுவரத்தைப் படிக்கட்டுபோல் நிறுத்திவிடும். நமது பாட்டிலோ உயிர், படிகளுக்கு நடுவே அசையும் கமகத்திலே இருக்கிறது. ஆகவே நம்மவர் இடக்கை விரலால் தந்தியை இழுத்தும் சறுக்கியும் வாசிக்கக் கற்றார்கள். தமிழகத்துப் பிரசன்னா அப்படி வாசிப்பவர். 1970-களில் விக்கு விநாயக்ராம் முதலியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்த ஆங்கிலேயர் ஜான் மெக்லாலின், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுத்த கித்தாரையே செய்வித்துக்கொண்டார். மரபு கருவியையே செதுக்கிவிட்டது!

எல்லைக்கு அப்பால், ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்தார் ஸ்ரீநிவாஸ். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பையன் அதைத் தந்தியிலே தேடிப் பிடிப்பான். வாயிலிருந்து விரலுக்கு வந்த வித்தை அது. அதனாலேதான் அந்த மேல்நாட்டுக் கருவி கர்நாடகமாகவே பேசிற்று.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போற்றும் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. அதிலே கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது. 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது. வயலின் கதையும் அப்படியே. மணலி ஜமீனின் ஆதரவிலே வாழ்ந்த தீட்சிதர் குடும்பத்தில் 1786-இல் பிறந்த பாலுசாமி தீட்சிதர், அதை ஐரோப்பியரிடம் கற்று நமதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது.

இனி நமது குறையைச் சொல்லவேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதிலே, வேறொரு பங்கில், கித்தாரோடு வந்த பையன் ஒருவனை, "இது கோவில், எடுத்துப் போ" என்று எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டோம். எடுத்துப் போனவன் பாடகர் குழுவுக்குத் திரும்பவேயில்லை. அவன் செய்த பிழை என்ன? சங்கராபரணத்துக்குப் பொருந்தும் மூன்று கார்டுகளை மாயாமாளவகௌளைப் பாட்டுக்கும் அடித்தான். சிறிய ரிஷபமும் சிறிய தைவதமும் அவற்றோடு மோதின, காது கசந்தது. பாட்டை அவனுக்குப் பாடிக் காட்ட ஒருவருமில்லை, நாமும் காட்டவில்லை. அந்தக் குற்றம் கித்தாருடையதன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலே, அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கச் சொல்லுகிறது. ஆலயத்தின் மாண்புக்கும் விசுவாசிகளின் பக்திக்கும் உதவும் கருவிகளை ஏற்கவும் இடம் தருகிறது. எந்தக் கருவி என்பதோடு எப்படி வாசிக்கிறோம் என்பதும் கேள்வி.

ஆகவே நமது தீர்ப்பு இது: யூபிலித் திருப்பலியிலே கித்தார் உண்டு. ஆனால் வாசிக்கிறவர் முதலில் பாட்டை வாயாலே பாடிக் காட்டவேண்டும். மக்கள் குரலுக்கு மேலே ஒலிபெருக்கி எழும்பக் கூடாது. பழைய இராகப் பாட்டுகளுக்குக் கார்டு வேண்டாம். சுருதியும் மெட்டும் போதும். அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. அவற்றை முழுதும் அறிந்தவர்கள் இப்பங்கிலே இன்னும் சிலரே இருக்கிறீர்கள். நீங்கள் பாடாமற் போனால் அவை உங்களோடு போய்விடும். இந்தப் பிள்ளைகள் வராமற் போனால் கேட்பதற்கும் ஆள் இராது.

வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, பெரியவர் ஒருவர் பாட, கித்தார்க்காரர் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்கட்டும். நாமும் ஒரு பக்கம் அமர்ந்து கற்றுக்கொள்வோம்.