கடைப் பலகையும் கடைச் சிப்பந்தியும்

(மறைமலை நகரில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வுக்காக நாம் ஆலை வாசலில் போராடுகிறோம். வயல் வரப்பில் போராடுகிறோம். போராடி வாங்கிய கூலி, மாதத்தின் முதல் வாரத்திலேயே கடை வாசலில் போய்ச் சேர்ந்து விடுகிறது. ஆகவே ஆலை வாசலைப் பற்றிப் பேசுகிற நாம் கடை வாசலைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

தாம்பரம் சண்முகம் சாலையில் புறப்பட்டு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று நம் மறைமலை நகர் வரை வந்து பாருங்கள். எத்தனை கடைப் பலகைகள்! எத்தனை வர்ணங்கள்! 'இங்கேதான் மலிவு' என்கிறது ஒன்று. 'இங்கேதான் சுத்தம்' என்கிறது இன்னொன்று. எந்த சூப்பர் மார்க்கெட் நல்லது என்று நம் வீடுகளிலும் விவாதம் நடக்கிறது. நல்லது, நாமும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆனால் நம்முடைய தராசில் வைத்து ஒப்பிடுவோம்.

பலகைகளின் கதை

முதலில் பெயர்களை எடுத்துக் கொள்வோம். 'நீல்கிரிஸ்' 1905-இல் நீலகிரி மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியது. மலை என்றால் குளிர்ச்சி, வெண்ணெய் என்றால் சுத்தம். அந்த எண்ணத்தையே அது பெயராக்கி விற்றது. 1996-இல் சென்னையில் 'ஃபுட்வேர்ல்டு' வந்தது. இங்கிலீஷ் பெயர், குளிர்சாதனம், தள்ளுவண்டி. நடுத்தர வர்க்கத்துக்கு அது நாகரிகத்தை விற்றது. மறு ஆண்டே, 1997-இல், 'சுபிக்ஷா' வந்தது. ஆடம்பரம் கிடையாது, அச்சிட்ட விலைக்குக் குறைத்துத் தருகிறோம் என்றது. அது மலிவை விற்றது. சரவணா ஸ்டோர்ஸ் முருகன் பெயரை வைத்தது. அது விற்றது நம்ம ஊர்க் கடை என்ற நம்பிக்கையை.

இந்தப் பெயர்களுக்கு என்ன நேர்ந்தது? நூறு ஆண்டு கண்ட நீல்கிரிஸை 2014-இல் பம்பாயின் ஃபியூச்சர் குழுமம் வாங்கியது. ஃபுட்வேர்ல்டின் கூட்டாளிகள் 2005-இல் பிரிந்தபோது பல கடைகளின் பலகை 'ஸ்பென்சர்ஸ்' என்று மாறியது. சுபிக்ஷா என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லாத செழிப்பு என்று பொருள். கடன் வாங்கிக் கடன் வாங்கி நாடெங்கும் சுமார் 1,600 கடைகளாகப் பெருகிய அந்தச் செழிப்பு, 2009-இல் கையில் காசில்லாமல் கதவைச் சாத்தியது. செழிப்பு என்று எழுதிய பலகையின் கீழே நின்று வேலை செய்தவர்களுக்குச் சம்பள பாக்கி! நீல்கிரிஸை விழுங்கிய ஃபியூச்சர் குழுமமாவது நிலைத்ததா? 2022-இல் அதன் 'பிக் பஜார்' கடைகள் பலவற்றை ரிலையன்ஸ் எடுத்துக் கொண்டது. 'ஸ்மார்ட் பஜார்' என்று புதிய பலகை ஏறியது. அதே கட்டிடம், அதே தெரு, வேறு முதலாளி!

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குகிறது. அதைவிடப் பெரிய மீன் இரண்டையும் விழுங்குகிறது. பலகையில் எழுதிய பெயர் யாருக்கும் உத்தரவாதம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மலிவு எங்கிருந்து வருகிறது?

பெரிய கடையில் விலை குறைவாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். சில சாமான்களில் அது வாஸ்தவம். ஒருவரே லட்சக்கணக்கான மூட்டைகளை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். டீமார்ட் கம்பெனி பல கடைகளுக்குச் சொந்தக் கட்டிடமே வைத்திருப்பதால் வாடகைச் செலவும் மிச்சம். ஆனால் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் இன்னொரு விஷயமும் தெரியும். நிரந்தரச் சிப்பந்திகளைப் போலப் பல மடங்கு பேர் அங்கே ஒப்பந்தச் சிப்பந்திகள்! மலிவின் ஒரு பகுதி மொத்தக் கொள்முதலில் பிறக்கிறது. இன்னொரு பகுதி சிப்பந்தியின் சம்பளத்தில் பிறக்கிறது.

வியாபாரத் தந்திரமும் உண்டு. எல்லாரும் விலை தெரிந்து வைத்திருக்கும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து விற்பார்கள். விலை நினைவில் நிற்காத நூறு சாமான்களில் அதைப் பிடித்து விடுவார்கள். அரிசியும் பருப்பும் கடையின் கோடியில் இருக்கும்; அதை எடுக்கப் போகும் வழியெல்லாம் பிஸ்கட்டும் மிட்டாயும் இருக்கும். எந்த சாமான் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும் என்பதற்கு உற்பத்திக் கம்பெனிகள் கடைக்காரருக்குப் பணம் கொடுப்பதும் உண்டு.

அப்புறம் கடையின் சொந்தப் பெயரில் வரும் பாக்கெட்டுகள். ரிலையன்ஸ் கடையில் 'குட் லைஃப்', டீமார்ட்டில் 'பிரீமியா'. பருப்பை விளைவித்தவன் ஒருவன், உடைத்தவன் ஒருவன், பொட்டலம் கட்டியவன் ஒருவன். பெயர் மட்டும் கடையுடையது. 2022 டிசம்பரில் ரிலையன்ஸ் குஜராத்தில் ஒரு புதிய பெயரில் எண்ணெயும் பருப்பும் பிஸ்கட்டும் இறக்கியது. என்ன பெயர் தெரியுமா? 'இண்டிபெண்டன்ஸ்'. சுதந்திரம், தோழர்களே, சுதந்திரம்! பாக்கெட்டில் அடைத்து விலைக்கு வந்து விட்டது.

பைக்குக் கூட விலை வாங்குகிறார்கள். தங்கள் பெயரை அச்சடித்து, நம்மிடமே காசு வாங்கி, நம் கையிலேயே விளம்பரத்தைச் சுமக்க வைக்கிறார்கள். சண்டிகரில் 3 ரூபாய் காகிதப் பைக்காக ஒருவர் வழக்குப் போட்டார். 2019-இல் நுகர்வோர் மன்றம் பாட்டா கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 டிசம்பரில், முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு கேட்பது முறைகேடான வியாபாரம் என்றது. மூன்று ரூபாய்க்காக நின்ற ஒரு மனிதர் எவ்வளவு பெரிய கேள்வியைக் கிளப்பினார் பாருங்கள்!

நிற்கிற கால்கள்

இப்போது பலகையிலிருந்து கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பில் போடுகிற பெண் யார்? அலமாரியில் சாமான் அடுக்குகிற பையன் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள். காலையில் நின்ற கால் இரவு வரை நிற்கிறது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பினார்கள். 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்டார்கள். உட்கார உரிமை வேண்டும் என்றார்கள். முதலாளிகள் சிரித்தார்கள். அவர்கள் விடவில்லை. 2018-இல் கேரள சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சிப்பந்திகள் அனைவருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். 

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. நாற்காலி கடையில் இருக்கிறதா? நம்முடைய ஒப்பீட்டில் முதல் கேள்வி இதுதான்.

அண்ணாச்சி கடையும் கூட்டுறவும்

அப்படியானால் தெருமுனை மளிகைக் கடைதான் சொர்க்கமா? அப்படியும் சொல்ல மாட்டோம். அங்கும் எடை குறைகிறது. அங்கும் சின்னப் பையன்கள் கடையிலேயே உறங்கிக் கடையிலேயே விழிக்கிறார்கள். ஆனால் அந்தக் கடையில் ஒரு கடன் நோட்டு இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் நம் மறைமலை நகர் ஆலையின் கடைசிக் கார் வெளியே வந்தது. அப்படிச் சம்பளம் நின்று போகும் மாதத்தில் கடன் நோட்டில் பெயர் எழுதி அரிசி கொடுக்க எந்த சூப்பர் மார்க்கெட்டின் கம்ப்யூட்டருக்குத் தெரியும்?

வரலாற்றையும் நினைவில் வையுங்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பெரம்பூர் ஆலைப் பக்கத்தில் கடை வைத்திருந்த வியாபாரிகள். ஆலைத் தொழிலாளி தன் குறையைச் சொல்ல ஓர் இடம் அந்தக் கடை வாசலில்தான் கிடைத்தது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர், பலர் நெசவாளிகள், காசு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில சாமான்கள்தான் சரக்கு. கலப்படமில்லாத சாமான், சரியான எடை, வாங்கியவருக்கே லாபத்தில் பங்கு. அந்த விதை நம் மண்ணிலும் விழுந்தது. 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதன் பெரிய கடைக்குக் 'காமதேனு' என்று பெயர். கோவைக் கூட்டுறவுக் கடைக்குச் 'சிந்தாமணி', வேலூருக்குக் 'கற்பகம்'. நம் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்கள்தாம். விவசாயி நேரே கொண்டு வந்து விற்பதற்கு 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தையும் திறக்கப்பட்டது.

இவற்றிலும் குறை இல்லையா? உண்டு. அலமாரி காலியாகக் கிடப்பதும் அலட்சியமும் உண்டு. ஆனால் அங்கே கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. உறுப்பினராகச் சேர்ந்தால் ஓட்டும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டின் பங்குதாரர் கூட்டத்தில் நமக்கு நாற்காலி போட மாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: பாக்கெட்டின் முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எடையையும் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ விழும் விலையையும் பாருங்கள். 900 கிராம் பாக்கெட் 135 ரூபாய், ஒரு கிலோ பாக்கெட் 145 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முதலாவது மலிவு போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அது கிலோ 150 ரூபாய்! ஆலையில் கூலிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது கஷ்டமா?

இரண்டு: எந்தக் கடைக்குப் போனாலும் சிப்பந்திக்கு நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். சிப்பந்தி கேட்டால் வேலை போகும். காசு கொடுத்து வாங்குகிற நாம் கேட்டால் யார் வேலை போகும்? கடைச் சிப்பந்திகளை நம் தொழிற்சங்கங்களுக்கு அழையுங்கள். அவர்கள் சங்கம் அமைக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்.

மூன்று: கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பொதுக்குழுவுக்குப் போங்கள். வரவு செலவைக் கேளுங்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் அங்கேயே கேளுங்கள்.

தோழர்களே! காமதேனு, சிந்தாமணி, கற்பகம் ஆகிய மூன்றும் கேட்டதைக் கொடுப்பவை என்று புராணம் சொல்கிறது. புராணத்தில்கூடக் கேட்டால்தான் கிடைத்தது. நாமும் கேட்போம். ஒருவராகக் கேட்டால் காதில் விழாது. ஒன்றாகச் சேர்ந்து கேட்போம்!