காலியிடம் யாருடைய இடம்?

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி குரோம்பேட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'அரசுச் செலவுக் குறைப்பும் தலித் மக்களும்'. நான் மேடைப் பேச்சாளன் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பு எழுதிப் பழகின கை. அதனால கோப்பிலிருந்தே பேசறேன். கடைசியில் என்மீதே ஒரு குற்றச்சாட்டும் வைக்கப் போகிறேன்.

முதல்ல இந்த ஊர். குரோம்பேட்டை என்ற பெயர் எந்தக் கடவுளிடமிருந்தும் வரவில்லை, எந்த ராஜாவிடமிருந்தும் வரவில்லை. 1912இல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துப் பக்கம் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. செத்த மாட்டுத் தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், தோலைப் பதப்படுத்த யார் கை வேண்டியிருந்தது? நம்ம கைதான். என் தாத்தா நாகல்கேணியில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர். அவர் காலைப் பார்த்தால் மனுஷக் கால் மாதிரியே இருக்காது. என் நைனா இந்தச் சுற்றுவட்டாரத்து நகராட்சி ஒன்றில் துப்புரவுப் பணியாளர். நான் குமாஸ்தா. மூன்று தலைமுறை. தாத்தாவுக்கும் நைனாவுக்கும் சாதி கொடுத்த வேலைதான். ஆனா நைனாவுக்கு மட்டும் ஒரு சர்வீஸ் புக் இருந்தது. அந்த ஒரு புத்தகம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கு.

அந்தப் புத்தகம் என்ன செய்யும்னு இன்றைக்குச் சின்ன வயசுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. "மழை பெஞ்சாலும் புயல் அடிச்சாலும் ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதிதான்டா" என்பார் நைனா. சேமநலநிதியில் கடன் வாங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் செத்தப்புறம் ஆயுசு முடியும்வரை அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. வட்டிக்காரன் எங்க வாசலில் நிற்கவில்லை. நைனா அள்ளினது மலமும் குப்பையும்தான். அதில் பெருமை ஒன்றுமில்லை. பெருமை அந்த ஒண்ணாந்தேதியில் இருந்தது.

இனி நான் எப்படி உள்ளே வந்தேன் என்று பாருங்க. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீதம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12.5 ஆனது. 1970இல் 15 ஆனது. இடையில் அரசமைப்புச் சட்டத்தின் 16(4) வந்தது. ஆக 8.33இலிருந்து 15க்கு வர நமக்கு 27 வருஷம் ஆச்சு. இந்தச் சதவீதத்தைக் குறைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் கிடையாது. குறைத்தால் நாடே பற்றி எரியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால சதவீதத்தைத் தொடலை. எதற்குச் சதவீதமோ அந்த முழுத்தொகையைக் குறைத்தார்கள். நூறு இடத்தில் 15 நமக்கு. நூறை நாற்பதாக்கினால் ஆறு. சட்டம் அப்படியே இருக்கு, சதவீதம் அப்படியே இருக்கு, ஒன்பது குடும்பம் மட்டும் காணாமல் போச்சு. சத்தமே வராது.

இது கற்பனை இல்லை. 1997இல் ஐந்தாவது ஊதியக் குழு, மத்திய அரசு ஊழியர் எண்ணிக்கையைப் பத்து வருஷத்தில் 30 சதவீதம் குறைக்கச் சொன்னது. அடுத்து 2001 மே மாதம் ஒரு உத்தரவு வந்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பேர் ஓய்வு பெறுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மட்டும் நிரப்பு, மீதியை ஒழி. வருஷத்துக்கு 2 சதவீதம், ஐந்து வருஷத்தில் 10 சதவீதம். ஐந்து வருஷம் முடிந்தும் அந்த உத்தரவு நீட்டிக்கப்பட்டது. 2008இல் ஆறாவது ஊதியக் குழு வந்து குரூப் டி என்ற பிரிவையே எடுத்துவிட்டது. கேட்க நல்லாயிருக்கும், கடைநிலை என்ற பேரே போச்சு என்று. கூடவே, எட்டாவது படித்தவன் உள்ளே நுழைகிற வாசலும் போச்சு. 1991 வாக்கில் பதினாறரை லட்சம் பேர் இருந்த ரயில்வேயில் இன்று பன்னிரண்டு லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். தண்டவாளம் குறைந்ததா? வண்டி குறைந்ததா? பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். மாநில அரசு மட்டும் யோக்கியமா? 2001 நவம்பரில் அரசாணை 212 போட்டு புது நியமனத்துக்குத் தடை விதித்தார்கள். 2006 வரைக்கும் அது நீடித்தது. அந்த நாலு வருஷத்தில் வயது வரம்பைத் தாண்டிப் போன நம்ம பிள்ளைகளை யார் கணக்கில் எழுதுவது?

இப்போ என் மேலான குற்றச்சாட்டு.

அந்த 2001 உத்தரவின்படி ஒவ்வொரு துறையும் காலியிடப் பட்டியல் தயாரித்து ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு அனுமதிக்காத இடம் ஒழிக்கப்படும். எங்க அலுவலகத்தில் அந்தப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. எந்த இடத்தைக் காப்பாற்றுவது, எதை விடுவது? அதிகாரி சொன்னார்: "கணக்குப் பிரிவு இடம் போனா ஆபீஸ் நடக்காது. கீழ இருக்கறதை எழுதுங்க." எழுதினேன். துப்புரவாளர் 4, காவலாளி 2, பியூன் 3. 'பணித்தேவை இல்லை' என்று என் கையாலேயே குறிப்பு எழுதினேன். பணித்தேவை இல்லையாம்! மறுமாசமும் கக்கூஸ் அங்கேதான் இருந்தது. அதே கக்கூஸைக் கழுவ ஒப்பந்தக்காரர் மூலமா ஒரு அம்மா வந்தாங்க. பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. லீவு போட்டால் சம்பளம் கிடையாது. மூணு வருஷம் என் மேசையைத் துடைத்தார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள், அவங்க மாமனார் அதே கட்டடத்தில் நிரந்தரத் துப்புரவாளரா இருந்து ஓய்வு பெற்றவராம். "மாமா இருந்த இடம் எனக்குக் கிடைக்கும்னு சொன்னாங்க சார், அப்புறம் அந்த இடமே இல்லைன்னுட்டாங்க." அந்த இடத்தை இல்லையென்று ஆக்கினது நான்தான் என்று அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. இன்றுவரை சொன்னதில்லை. இந்தச் சபையில் சொல்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த அதிகாரி கொடுமைக்காரர் இல்லை. சாதிப் பெயர் சொல்லி யாரையும் திட்டியதும் கிடையாது. 'கீழ இருக்கறது' என்று மட்டும்தான் சொன்னார். குரூப் டி இருந்தவரை, மத்திய அரசு பட்டியல் சாதியினர் எண்ணிக்கையை வெளியிட்டபோது குரூப் டி என்று ஒரு வரி போட்டது, அடைப்புக்குறிக்குள் 'துப்புரவாளர் நீங்கலாக' என்று. அதற்குக் கீழே துப்புரவாளர் என்று தனி வரி. ஏன் தனி வரி? அதையும் சேர்த்தால் நம்ம எண்ணிக்கை வீங்கித் தெரியும். அந்தக் கடைசி வரியில் மட்டும் நம்ம பங்கு 15 சதவீதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. கீழேயிருந்து வெட்டு என்றால் யாரை வெட்டுவது என்று தனியா சொல்லணுமா? சாதி அந்தப் பட்டியலிலேயே எழுதியிருக்கு.

'செலவு மிச்சமாகுது இல்லையா?' என்று கேட்பார்கள். எங்கே மிச்சம்? சம்பளத் தலைப்பில் குறைந்தது ஒப்பந்தத் தலைப்பில் ஏறுது. நடுவில் ஒப்பந்தக்காரர் லாபம் இருக்கு. அதையும் மீறி மிச்சம் தெரிந்தால், அது தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுத்ததுதான். சென்னையைப் பாருங்க. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. அப்புறம் நீல் மெட்டல் பனால்கா, ராம்கி, உர்பேசர் சுமீத் என்று கம்பெனி மாறி மாறி வந்தது. குப்பை அள்ளுகிற சாதி மட்டும் மாறவே இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது என்ன நடந்தது? மாதம் 23 ஆயிரத்தை ஒட்டி வாங்கிக் கொண்டிருந்தவர்களை 17 ஆயிரத்தை ஒட்டிய கூலிக்குப் போகச் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனாவிலும் வெள்ளத்திலும் நம்ம வாசலுக்கு வந்தவர்கள். ரிப்பன் கட்டடத்தின் முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸை வைத்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாளே காலைச் சிற்றுண்டி தருவதாக அறிவிப்பு. இட்லி தருவாங்களாம், சர்வீஸ் புக் தர மாட்டாங்களாம்!

சரி, அது சென்னை, நம்ம ஊர்? 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். வீட்டு மனை விலை ஏறிச்சு. ராதா நகரில் ஃபிளாட் விளம்பரத்தில் 'மாநகராட்சி எல்லைக்குள்' என்று போட்டான். அடுத்த வருஷமே, 2022 அக்டோபரில், நகராட்சி நிர்வாகத் துறையின் அரசாணை 152 வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர் போன்ற இடங்களை ஒழித்து, அந்த வேலையை வெளியாள் மூலமாகச் செய்துகொள்ளச் சொல்லும் ஆணை அது. ஊர் பெரிசாச்சு, குப்பை பெரிசாச்சு. அதை அள்ளுகிறவனின் இடம் இல்லாமல் போச்சு.

இடம் போனால் கூடவே என்னென்ன போகும்? ஒன்று, இட ஒதுக்கீடு. ஒப்பந்தக்காரனுக்கு 16(4) கிடையாது. அவன் மேற்பார்வையாளராகத் தன் சொந்தக்காரனைப் போடுவான், கீழே நம்மைப் போடுவான். இரண்டு, சங்கம். நேற்று ஒரு கம்பெனி, இன்று வேறு கம்பெனி என்றால் யாரிடம் கொடி பிடிப்பது? தமிழ்நாட்டில் 1981லேயே, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று சட்டம் இருக்கு. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் 'உன் முதலாளி நான் இல்லை' என்று ஒருவனை ஒருவன் காட்டுவான். மூன்று, உயிர். சாக்கடைக் குழியில் செத்தால் இழப்பீடு 30 லட்சம் என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் செத்தவன் யாருடைய ஆள் என்று நிரூபிக்கவே அவன் பெண்டாட்டி அலைய வேண்டியிருக்கு.

நீதிமன்றமும் இரண்டு வாயால் பேசியிருக்கிறது. 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் வந்தவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே எத்தனையோ மனுக்களைத் திருப்பியடித்தார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணைய அலுவலகத்தைப் பல ஆண்டு பெருக்கித் துடைத்த பெண்களைப் பணியில் முறைப்படுத்தச் சொன்னது அதே நீதிமன்றம். உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளரைச் சுரண்டக் கேடயமாக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு மேஸ்திரிக்கும் தெரியும்படி நாம் சொல்ல வேண்டும்.

இப்போ நம்ம வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். 2025 போராட்டத்தின்போது நம்ம ஆட்களிலேயே சிலர் கேட்டார்கள்: "நிரந்தரமாக்கு என்றால் என்ன அர்த்தம்? பறையனும் சக்கிலியனும் நிரந்தரமா குப்பை அள்ளட்டும் என்றா? அண்ணல் இந்தத் தொழிலை விட்டு வெளியே வா என்றல்லவா சொன்னார்?" இது எதிரியின் கேள்வி இல்லை. நியாயமான கேள்வி. மரியாதையோடு பதில் சொல்லணும்.

என் பதில் என் நைனாதான். அவர் நிரந்தரம் ஆனதால் நான் அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்தேன். அவர் தினக்கூலியாவே இருந்திருந்தால் பத்தாவது முடித்ததும் என் கையிலும் துடைப்பம்தான். ஒப்பந்தம் யாரையும் சாதித் தொழிலிலிருந்து விடுவிக்கலை. அதே தெரு, அதே குப்பை, அதே சாதி, பாதுகாப்பு மட்டும் கிடையாது. வெளியேறணும் என்றால் காலை ஊன்றக் கொஞ்சம் தரை வேண்டாமா? இன்றைக்கு வேலை செய்கிறவளுக்கு நிரந்தரம், அவள் பிள்ளைக்குக் கல்லூரி, குழிக்குள் மனுஷன் இறங்காமல் எந்திரம். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்போம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க விடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2025இல் டிரம்ப் அரசு எலான் மஸ்க்கை வைத்துக்கொண்டு கூட்டாட்சி அரசு ஊழியர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றியது. வீண்செலவு என்றார்கள். அங்கே தனியார் முதலாளி கதவைச் சாத்தியபோது கறுப்பின மக்களுக்குத் திறந்த வாசல் தபால் ஆபீசும் அரசு அலுவலகமும்தான். மொத்த உழைப்பாளிகளில் அவர்களுக்குள்ள பங்கைவிட அரசுப் பணியில் அவர்கள் பங்கு கூடுதல். சிக்கனம் என்ற பேரில் அரசு சுருங்கும்போது முதலில் விழுவது கடைசியாக உள்ளே வந்தவன்தான்.

முடிக்கிறேன். நம்ம இளைஞர்கள் ஒரு வேலை செய்யணும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. இந்த மாநகராட்சியில் 2021க்கு முன் எத்தனை நிரந்தரத் துப்புரவு இடம் இருந்தது, இப்போ எத்தனை, ஒழித்தது எத்தனை, ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிற தொகை எவ்வளவு, அதில் தொழிலாளி கைக்குப் போவது எவ்வளவு. ஐந்தே கேள்வி. பதில் வரட்டும். மனு எழுதத் தெரியலைன்னா என் வீட்டுக்கு வாங்க, நான் எழுதித் தர்றேன். ஒன்பது இடத்தை ஒழிக்கக் குறிப்பு எழுதின கை இது. மிச்சமிருக்கிற காலத்தில் அந்த இடங்களைத் திரும்பக் கேட்டு எழுதட்டும்.

ஜெய்பீம்.