துவக்கின் கண்



வேட்டைக்காரன் ஒருவன் மானைக் குறிபார்த்துத் துவக்கின் விசையை இழுக்கின்றான். குண்டு மானைச் சென்றடையுங் கணத்தில் அவன் கண் எதனைக் காண்கின்றது? பெரும்பாலும் ஒன்றையுங் காண்பதில்லை. வெடியோசை கேட்டதும் இமை தானே மூடிக்கொள்கின்றது. பின்னுதைப்பினால் துவக்கின் வாய் மேலெழுகின்றது. அதன்மேற் பூட்டிய தொலைநோக்கி வானத்தையோ மரக்கிளையையோ காட்டுகின்றது. மீண்டும் நோக்கும்போது மான் நின்ற இடம் வெறுமையாய் இருக்கும். குண்டு பட்டதா, பட்டதாயின் எங்கே பட்டது என்பதற்குச் சுட்டவனே சாட்சி சொல்ல இயலாத நிலை இது. துவக்கின் தொலைநோக்கியோடு வீடியோ கமராவைப் பொருத்தும் வழக்கம் மேல்நாட்டு வேட்டைக்காரரிடையே பரவியமைக்குக் காரணங்கள் பல கூறுவர். அவற்றுள் மதிக்கத்தக்கது இதுவொன்றே என்பது என் கருத்து.

துவக்கையும் படக்கருவியையும் இணைக்கும் எண்ணம் புதியதன்று. பிரான்சிய தேசத்து உடற்றொழிலியல் அறிஞர் எற்றியேன் ஜூல் மாரே என்பவர் பறவை சிறகடிக்கும் முறையை ஆராய்ந்துவந்தார். கண்ணுக்கு எட்டாத அவ்வேகத்தைப் பகுத்தறிய வேண்டி, 1882ஆம் ஆண்டிலே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு விந்தையான துவக்கைச் செய்தார். தோளில் அணைத்துக் குறிபார்க்க அடிக்கட்டை உண்டு; இழுக்க விசை உண்டு; ஆனால் குழலின் உள்ளே இருந்தது வில்லை. விசையை இழுத்ததும் மணிக்கூட்டுப் பொறிபோன்ற அமைப்பொன்று கண்ணாடித் தகட்டைச் சுழற்றும். ஒரு விநாடியிற் பன்னிரண்டு படங்கள் அத்தகட்டின் ஓரத்தைச் சுற்றிப் பதியும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரம் விநாடியின் 720இல் ஒரு பங்கு. ஆங்கிலத்திலே சுடுவதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகின்றது. தமிழில் நாம் படத்தைப் பிடிக்கின்றோம்; பறவையையும் பிடிக்கின்றோம். மாரே செய்த வேலைக்கு நம் வழக்கே மிகப் பொருந்துகின்றது. அவர் பிடித்த பறவைகள் யாவும் பறந்தே போயின.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வெண்ணம் போர்ப் பயிற்சிக்குச் சென்றது. இங்கிலாந்தின் ஹைத் என்னும் ஊரிலிருந்த விமானச் சுடுகலைப் பள்ளியின் பெயரால் வழங்கிய கமரா, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் உருவிலேயே செய்யப்பட்டது. பயிலும் வீரன் விசையை இழுத்தாற் குண்டு பாயாது, படம் பதியும். குறியின் வட்டங்களும் படத்திலே விழும். தரையிறங்கிப் படலத்தைக் கழுவிப் பார்த்தால் தப்பியது எவ்வளவு என்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் உண்மையான துப்பாக்கிகளோடு ஒருங்கியங்கும் கமராக்கள் போர்விமானங்களிற் பொருத்தப்பட்டன. வானத்திலே தான் பகைவிமானத்தை வீழ்த்தியதாகக் கூறும் விமானியின் சொல்லை அப்படலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். நேர்மையுள்ளவனுக்கும் நினைவு பிழைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி வேட்டைத் துவக்குக்கு வருவோம். தொலைநோக்கியின் பின்புறத்து வில்லையிலிருந்து வெளிப்படும் ஒளி, ஏறத்தாழ ஒன்பது சென்ரிமீற்றர் பின்னே ஒரு சிறு வட்டமாக ஒடுங்குகின்றது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அவ்வட்டத்தின் விட்டம் கிடைக்கும்: 50 மில்லிமீற்றர் வில்லை, பத்து மடங்கு பெருக்கம் என்றால் 5 மில்லிமீற்றர். கண்ணின் பாவை அவ்விடத்தில் அமைந்தால் முழுக் காட்சியும் தெரியும். கமராவின் வில்லையும் அவ்விடத்தையே நாடுகின்றது. சற்று விலகினால் படத்தின் ஓரமெல்லாம் கருவட்டம் சூழும். ஓரிடத்துக்கு இரு உரிமையாளர்! தொல்லை முழுவதும் இதிலேதான்.

கைத்தொலைபேசியைப் பின்வில்லையின் பின்னே மாட்டிவிட்டு அதன் திரையைப் பார்த்துச் சுடுவது ஒரு வழி. எளியதுதான்; ஆனால் கன்னம் துவக்கின் கட்டையில் அணையாது, குறி தளம்பும். தொலைபேசியின் உள்ளே படம் ஆடாதிருப்பதற்காக அமைந்த நுண்ணிய பொறியும் பின்னுதைப்பினாற் பழுதுறக்கூடும். மற்றைய வழி, பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியைச் சாய்வாக வைப்பது. ஒரு பங்கு ஒளி கண்ணுக்கும் மறுபங்கு கமராவுக்கும் செல்லும். அறிவுக்கு இனிய ஏற்பாடே. எனினும் மான்கள் வெளிவருவது அந்திப்பொழுதில். இருக்கும் சிறிதளவு ஒளியையும் பங்கிடவேண்டி வருகின்றது. அன்றியும் இடையே புகுந்த கருவி அந்த ஒன்பது சென்ரிமீற்றர் இடைவெளியை விழுங்கிவிடுவதால், பின்னுதைப்பிலே புருவம் பிளக்கும் அபாயம் உண்டு. தொலைநோக்கியின் பக்கத்திலே தனிக் கமராவை வைப்போரும் உளர். அது குறுக்குக் கோடுகளைக் காட்டமாட்டாது. இக்காலத்தில் கமராவே தொலைநோக்கியாக அமைந்த மின்னணுக் கருவிகளும் வந்துள்ளன.

எவ்வழியாயினும், பற்றுவளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் தொலைநோக்கியின் குழாய் நசுங்கும், தளர்த்தினால் வழுவும். மேலேற்றிய பாரம் துவக்கின் சமநிலையை மாற்றுகின்றது. ஆதலாற் கமராவைப் பூட்டியபின் கடதாசிக் குறியொன்றிற் சுட்டுப் பார்க்காமற் காட்டுக்குச் செல்பவன், உயிரைப் பரிசோதனைப் பொருளாக்குகின்றான்.

இத்தனைக்கும் பின் கமரா எதைக் காட்டுகின்றது? விநாடிக்கு 800 மீற்றர் வேகத்திற் புறப்படும் குண்டு 200 மீற்றரைக் கடக்கக் கால் விநாடிக்குச் சற்று மேலாகும். விநாடிக்கு முப்பது படமெடுக்கும் கமரா அதற்குள் ஏறத்தாழ எட்டுப் படங்களைப் பதிக்கும். கமராவும் துவக்கோடு சேர்ந்தே உதைபடுவதால் அவற்றுட் பல கலங்கியிருக்கும். கலங்காதது வெடிக்கு முந்திய படம். குறுக்குக் கோடு மானின் எவ்விடத்தில் நின்றது, மான் பக்கவாட்டில் நின்றதா, சாய்ந்து நின்றதா, அருகில் எந்த மரம், எந்தப் பாறை என்பன அதிலே தெளிவாக இருக்கும்.

இப்படங்களை இணையத்திலே காட்சிப்பொருளாக்கிப் பெருமைகொள்வோர் பலர். எட்டாத தூரத்திற் சுட்டுப் பார்க்கும் ஆசைக்கு அது தூபமிடுகின்றது. எனக்கு அது உவப்பானதன்று. அப்படங்களின் உண்மையான பயனைக் காணவேண்டுமாயின், காயப்பட்ட விலங்கைத் தேடிச் செல்வோரிடம் போகவேண்டும்.

ஜேர்மனியில் இஃது ஒரு தனிக்கலை. அதற்கெனவே ஹனோவர் வேட்டைநாய், பவேரிய மலைநாய் என்னும் இனங்களை வளர்க்கின்றனர். சுவீடன் நாட்டிலோ மான் முதலிய பெருவிலங்குகளை வேட்டையாடுபவர், சுட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் தடந்தேடும் நாயொன்று வந்துசேர ஏற்பாடு செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. தேடுபவர் முதலில் வினவுவது, மான் எங்கே நின்றது என்பதையே. தூரத்திலிருந்து பார்த்த இடம் நடந்துசென்று பார்க்கும்போது வேறாகத் தோன்றும். சுட்டவன் உறுதியோடு காட்டும் இடம் பலமுறை தவறாகிவிடுகின்றது. அவ்விடம் கிடைத்தாற்றான் அறுந்த மயிரும் எலும்புத் துணுக்கும் குருதியும் கண்ணிற்படும். நுரைத்த செங்குருதி நுரையீரலுக்கு அடையாளம், கருஞ்சிவப்பு ஈரலுக்கு. இரைப்பையின் பசும்பொருள் சிந்தியிருந்தால் உடனே பின்தொடரலாகாது. பல மணிநேரம் காத்திருக்கவேண்டும். துரத்தினால் அவ்விலங்கு எழுந்து, வேதனையோடு இன்னும் நெடுந்தூரம் ஓடும்.

சுட்டவனிடம் படம் இருக்குமானால், தேடுபவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றார். மானின் முன்னங்காலுக்கு அருகே வளைந்த மரக்கன்றொன்று தெரிகின்றது என்று வைத்துக்கொள்வோம். அக்கன்றைத் தேடிக் கண்டுபிடித்து, நாயின் கழுத்துப்பட்டியில் நீண்ட வாரைப் பூட்டி, அதன் மூக்கை அவ்விடத்து மண்ணுக்கு அவர் காட்டுகின்றார்.