பெட்டிக்குள் போகும் லினக்ஸ்

இன்று ஒரு கைவினையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஃப்ரீமாண்ட்டிலும் பிளேனோவிலும் எடிசனிலும் இதைச் செய்கிற நம்மவர்கள் நிறையப் பேர். ஆனால் ஊரிலிருந்து வந்த மாமனார் "என்ன வேலை பார்க்கிறீர்கள், மாப்பிள்ளை?" என்று கேட்டால் "சாஃப்ட்வேர்தான், மாமா" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். விளக்கப் போனால் காபி ஆறிவிடும்.

சின்னக் கருவிகளுக்கு லினக்ஸ் இமேஜ் தயாரிக்கும் வேலை அது. வீட்டு ரவுட்டர், டிவியோடு சேரும் பெட்டி, காரின் நடுத்திரை, ஆஸ்பத்திரிப் படுக்கை அருகே நிற்கும் மானிட்டர் என்று பலவற்றுக்குள் லினக்ஸ் ஓடுகிறது. அவற்றில் யாரும் உட்கார்ந்து இன்ஸ்டால் செய்வதில்லை. தொழிற்சாலையில் ஒரு பெரிய கோப்பை அப்படியே ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோப்புதான் இமேஜ். பூட் லோடர், கெர்னல், அதற்குமேல் வரும் ரூட் ஃபைல் சிஸ்டம் எல்லாம் எந்த பைட்டில் தொடங்கி எந்த பைட்டில் முடியவேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும்.

இந்தக் கலை இடப்பஞ்சத்தில் பிறந்தது. 1995-இல் பிக்ஸார் நிறுவனம் பே ஏரியாவின் ரிச்மண்ட் ஊரில் இருந்தது. 'டாய் ஸ்டோரி' வெளிவந்த வருடம். அங்கே வேலை பார்த்த புரூஸ் பெரன்ஸ், டெபியன் லினக்ஸிலும் ஈடுபட்டிருந்தார். கெட்டுப்போன கணினியை மீட்கவும் புதிதாக டெபியனை நிறுவவும் ஒரே ஒரு ஃப்ளாப்பி போதும்படி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃப்ளாப்பியில் இருப்பதோ 1.44 எம்.பி. பட்டியல் காட்ட ஒரு நிரல், நகலெடுக்க ஒரு நிரல், டிஸ்க்கை இணைக்க ஒரு நிரல் என்று யுனிக்ஸ் வழக்கப்படி அடுக்கினால் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும். அவர் எல்லாவற்றையும் ஒரே நிரலுக்குள் போட்டார். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையை அது செய்யும். அதுதான் பிஸிபாக்ஸ். இன்றைக்கும் உலகத்து ரவுட்டர்களில் பாதியைத் திறந்தால் உள்ளே அது இருக்கும் என்று சொன்னால் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் இந்தப் பஞ்சத்தில் பங்கு உண்டு. 1997-இல் அவர் சான்டா கிளாராவில் இருந்த டிரான்ஸ்மெட்டா நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தார். 1999-இல் கிராம் எஃப்.எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை எழுதினார். எல்லாக் கோப்புகளையும் சுருக்கி வைக்கும், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதன் கருமித்தனத்தைக் கேளுங்கள். ஒரு கோப்பு 16 எம்.பி.க்கு மேல் இருக்கக்கூடாது. மொத்தம் 256 எம்.பி.யைச் சற்றுத் தாண்டலாம், அவ்வளவுதான். கோப்பு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதற்கு எட்டே பிட். கோப்பு எந்தத் தேதியில் உருவானது என்பதைச் சேமிப்பதே கிடையாது; எல்லாமே 1970 ஜனவரி 1 என்று நிற்கும். தேதியைத் தூக்கியெறிந்ததை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்காகச் செய்த அந்தச் சிக்கனத்தின் இன்னொரு பயன் பிறகு தெரியவந்தது.

இப்போது அந்தப் பஞ்சம் இல்லை. சில டாலருக்கு எட்டு ஜிபி சிப் கிடைக்கிறது. அப்படியானால் இந்தக் கலைக்கு இனி என்ன வேலை? உபுண்டுவை ஒரு எஸ்.டி. கார்டில் போட்டு, வேண்டியதை இன்ஸ்டால் செய்து, நன்றாக ஓடுகிறது என்றதும் டிடி கட்டளையால் கார்டை அப்படியே நகலெடுத்து ஆயிரம் கருவிகளில் எழுதிவிடலாமே? பல கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. அந்த நகலுக்குக் 'கோல்டன் இமேஜ்' என்று பெயர் வேறு.

இதில்தான் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அம்மா ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த சாம்பார்ப்பொடி மாதிரி அது. இருக்கிறவரைக்கும் மணக்கும், தீர்ந்த அன்றுதான் தனியா எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று தெரியாமல் விழிப்போம். கார்டைத் தயார் செய்த எஞ்சினியர் வேறு வேலைக்குப் போயிருப்பார். உள்ளே அவருடைய வைஃபை பாஸ்வேர்டு இருக்கும், கட்டளை வரலாறு இருக்கும். ஆயிரம் கருவிக்கும் ஒரே எஸ்.எஸ்.எச். சாவி இருக்கும், ஒன்றைத் திறந்தவன் மீதி 999-க்கும் நடுவில் புகுந்து கருவி போலவே பேசலாம். நல்ல இமேஜ் எது என்று என்னைக் கேட்டால், எத்தனை சிறியது, எத்தனை வேகமாகக் கிளம்புகிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். வேறொருவர், வேறொரு கணினியில், ஐந்து வருஷம் கழித்து அதை மறுபடி செய்ய முடியவேண்டும். அதை வைத்துத்தான் மார்க் போடுவேன்.

மறுபடி செய்வது அவ்வளவு லேசல்ல. முதல் தடை நியூ ஜெர்சியிலிருந்து வருகிறது. 1969-இல் மரே ஹில்லில் உள்ள பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். டிஸ்க், டெர்மினல் போன்ற கருவிகளையும் கோப்பு மாதிரியே காட்டுவது அதன் அழகான ஏற்பாடு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கருவிக் கோப்பை உருவாக்கும் உரிமை ரூட் என்ற சர்வாதிகாரிக்கு மட்டும். இப்போது நான் என் லேப்டாப்பில் சாதாரணப் பயனராக உட்கார்ந்து இன்னொரு இயந்திரத்துக்கான ஃபைல் சிஸ்டத்தை உருவாக்குகிறேன். நான் படைக்கிற கோப்புகள் எல்லாம் என் பெயரில்தான் பிறக்கும். இமேஜுக்குள்ளோ அவை ரூட்டின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் மாற்றும் நிரல் ரூட்டின் பெயரில் இல்லாவிட்டால் அது வேலைக்கே ஆகாது.

ரூட்டாகவே பில்டு ஓட்டலாம். ஆனால் ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறி காலியாக இருந்தால், இமேஜின் கோப்புறைக்குப் பதில் உங்கள் லேப்டாப்பின் கோப்புறை அழிந்துபோகும். டெபியன்காரர்கள் இதற்கு ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார்கள்: ஃபேக்ரூட். நிரலுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே ஒரு நூலகம் உட்கார்ந்துகொண்டு, "நீதான் ரூட், நீ கேட்டபடி சொந்தக்காரரை மாற்றியாயிற்று" என்று தலையாட்டும். மாற்றியதாகச் சொன்னதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் இமேஜ் கட்டும் நிரல் வந்து கேட்கும்போது அந்தக் கணக்கையே ஒப்பிக்கும். அலமீடாவைத் தலைமையிடமாகக் கொண்ட விண்ட் ரிவர் நிறுவனத்தில் பிறந்த சூடோ (pseudo) என்ற கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பொய் இத்தனை நேர்மையாகப் பயன்படும் இடம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. கருவிக் கோப்புகளின் தொல்லை மட்டும் 2009-இல் குறைந்தது. அவற்றைக் கெர்னலே கிளம்பும்போது படைத்துக்கொள்ளும் ஏற்பாடு லினக்ஸில் வந்துவிட்டது.

அடுத்த தடையைப் பார்க்க டெக்ஸஸுக்குப் போவோம். டல்லாஸின் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பை வைத்து 2008-இல் பீகிள்போர்டு என்ற பலகைக் கணினி வந்தது, 149 டாலர். 2013-இல் பீகிள்போன் பிளாக், 45 டாலர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரி புராஜெக்ட்டுக்கு அதைப் பிடித்திருப்பார்கள்! பீகிள்போன் பிளாக்கின் சிப்புக்குள் அழிக்க முடியாத சின்ன நிரல் ஒன்று பதிந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது கார்டில் குறிப்பிட்ட இடங்களை மட்டும் தட்டிப் பார்க்கும்: தொடக்கத்தில், 128 கிலோபைட்டில், 256-இல், 384-இல். அங்கேயும் இல்லையென்றால் ஃபேட் பார்ட்டிஷனில் எம்.எல்.ஓ. என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று தேடும். அதனிடம் வேறு எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. அதனால் இமேஜ் செய்கிறவர் பூட் லோடரை அதன் கண் படுகிற இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தொடக்கத்தில் வைக்க முடியாது. முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 128-இல் முதல் கட்ட லோடர், 384-இல் யு-பூட் என்ற அடுத்த கட்ட லோடர். இதற்கு இடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய டாஸ் வழக்கத்தில் முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். அதாவது முன்னால் 32 கிலோபைட் கூட இல்லை. இப்போதைய கருவிகள் 2048-ஆவது செக்டரில், சரியாக ஒரு எம்.பி. தள்ளித் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில்தான் லோடர் குடியிருக்கிறது. பார்ட்டிஷன் அட்டவணையில் அதன் பெயர் கூட இருக்காது.

அந்த முதல் கட்ட லோடர் சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகத்தில் அடங்க வேண்டும். நூறு கிலோபைட்டுக்குச் சற்று மேல்தான் அனுமதி. பெரிய நினைவகம் இன்னும் விழிக்கவில்லை, அதை எழுப்புவதே இதன் வேலை. பெரன்ஸின் ஃப்ளாப்பிக் காலத்துப் பஞ்சம் போய்விட்டது என்று சொன்னேனே, முழுக்கப் போகவில்லை; இந்த மூலையில் இன்னும் இருக்கிறது.

இமேஜ் கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த சாதனை டிவோ. சிலிக்கன் கிராஃபிக்ஸில் இருந்த ஜிம் பார்ட்டனும் மைக் ராம்சேவும் தொடங்கிய நிறுவனம். 1999-இல் முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது. டிவி நிகழ்ச்சியை ஹார்டு டிஸ்க்கில் பிடித்து வைக்கும் பெட்டி, உள்ளே லினக்ஸ். புது மென்பொருள் தொலைபேசிக் கம்பி வழியாக வரும். பாதியில் மின்சாரம் போனால்? அதற்காக டிஸ்க்கில் கெர்னலுக்கு இரண்டு பார்ட்டிஷன், ரூட் ஃபைல் சிஸ்டத்துக்கு இரண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது மற்றொன்றில் எழுதப்படும். முழுக்க எழுதி முடித்தபின் எதிலிருந்து கிளம்புவது என்ற குறிப்பை மட்டும் மாற்றுவார்கள். மாறுகிற தகவல்களுக்குத் தனிப் பார்ட்டிஷன். 2011-இல் குரோம்புக்கிலும், 2016-இல் ஆண்ட்ராய்டு 7-லும் வந்த இரட்டை ஏற்பாட்டின் சாரம் முழுவதும் இந்தப் பெட்டியில் இருந்தது.

அதே டிவோவின் பெயர் கெட்டதும் இந்த இமேஜ் விவகாரத்தில்தான். லினக்ஸின் ஜி.பி.எல். உரிமம் மூலநிரலைக் கொடுக்கச் சொல்கிறது, டிவோ கொடுத்தது. ஆனால் பிந்தைய பெட்டிகள் கையொப்பம் சரிபார்த்தன. நீங்கள் அந்த மூலநிரலிலிருந்து புது இமேஜ் கட்டினால் பெட்டி அதை ஏற்காது. 2007-இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கவே சில விதிகளைச் சேர்த்தது. டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை, கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. பொறியியலில் டிவோவுக்கு முழு மார்க் போடுவேன். உரிமையாளர் தன் பெட்டிக்கே இமேஜ் கட்ட முடியாமல் போனதற்கு மார்க் போட மனம் வரவில்லை.

நேர்மாறான கதை லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டர். சான் ஹொசேயின் சிஸ்கோ 2003-இல் லிங்க்சிஸை வாங்கியது. அதே வருடம் அந்த ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பினார்கள், மூலநிரல் வெளியானது. ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: மூலநிரல் என்றால் அதைக் கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்ட்களும் சேர்த்தி. உரிமமே செய்முறையைக் கேட்கிறது! 2004-இல் அந்த மூலநிரலையும் எரிக் ஆண்டர்சனின் பில்ட்ரூட் என்ற இமேஜ் கட்டும் கருவியையும் கொண்டு ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி என்ற ரவுட்டர் லினக்ஸ் பிறந்தது. ரவுட்டரில் இருந்ததோ 4 எம்.பி. ஃப்ளாஷ், 16 எம்.பி. நினைவகம். அதற்குள் சுருக்கிய, மாற்ற முடியாத ஃபைல் சிஸ்டம் ஒன்று. அதன்மேல் எழுதக்கூடிய அடுக்கு ஒன்று. நீங்கள் எதையாவது குழப்பினால் மேலடுக்கைத் துடைத்துவிட்டால் போதும், அடியில் இருப்பது முதல்நாள் போலவே இருக்கும். 2005-இல் அந்த ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பு லினக்ஸை விட்டு ஃப்ளாஷையும் நினைவகத்தையும் பாதியாக்கியது. ஆட்கள் விடவில்லை, லினக்ஸ் ஓடுகிற பழைய வடிவத்தையே வேறு பெயரில் தனியாக விற்க வேண்டியதாயிற்று.

இமேஜ் கட்டும் கருவிகளில் எது மேல் என்று கேட்பீர்கள். பில்ட்ரூட்டை ஒரு சாயங்காலத்தில் கற்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தால் புரியும். ஆனால் அமைப்பில் ஒன்றை மாற்றினால் பல சமயம் முழுவதையும் மறுபடி கட்டச் சொல்லும். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010-இல் அறிவித்த யோக்டோ பெரிய கம்பெனிகளின் தேர்வு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்முறை, செய்முறைகளை அடுக்கும் லேயர்கள், மாறாததை மறுபடி கட்டாத நினைவாற்றல். முதல் பில்டு பல மணி நேரம் ஓடும், டிஸ்க்கில் பல பத்து ஜிபியை விழுங்கும். ஒரு மாறி எந்த லேயரில் மாறியது என்று தேடப் புகுந்தால் பொழுது போவதே தெரியாது. ஒரு பலகை, ஒரு தயாரிப்பு என்றால் பில்ட்ரூட். நான்கு பலகை, பத்து வருஷ ஆதரவு என்றால் யோக்டோ. இதற்குமேல் வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் தாம் முதலில் கற்றதற்காக வாதாடுகிறார்கள்.

எதில் கட்டினாலும் ஒரு சோதனை உண்டு. இரண்டு தடவை கட்டி, இரண்டு இமேஜும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் இருக்காது. காரணம் பெரும்பாலும் தேதிதான். ஒவ்வொரு கோப்பும் தான் பிறந்த நொடியைச் சுமக்கிறது. ஃபைல் சிஸ்டம் தனக்கென்று ஒரு தற்செயல் அடையாள எண்ணைப் போட்டுக்கொள்கிறது. டோர்வால்ட்ஸ் 1999-இல் இடம் மிச்சம் பிடிக்கத் தேதியைத் தூக்கியெறிந்ததன் இன்னொரு பயன் இங்கேதான் தெரிகிறது; 2015 வாக்கில், கட்டும் கருவிகள் பில்டு நேரத்துக்குப் பதில் ஒரே நிலையான தேதியை எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொதுவழக்கம் ஏற்பட்டது.

இதெல்லாம் கைவினைக்காரரின் பிடிவாதம் மட்டும்தானா? சட்டமும் இப்போது அதே கேள்வியைக் கேட்கிறது. 2023 மார்ச் முதல், இணைய வசதியுள்ள புதிய மருத்துவக் கருவிக்கு அனுமதி கேட்டு எஃப்.டி.ஏ.விடம் போகிறவர்கள், உள்ளே இருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றின் பட்டியலையும் தர வேண்டும். நியூ ஜெர்சியில் மருத்துவக் கருவி நிறுவனங்களில் இருக்கிற நம்மவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. யோக்டோவில் கட்டியவருக்கு அந்தப் பட்டியல் பில்டோடு சேர்ந்தே வெளிவரும்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம் போட்டது, எந்த உரிமம். கோல்டன் இமேஜ் வைத்திருப்பவர் கார்டை லேப்டாப்பில் சொருகி, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, இது எங்கிருந்து வந்தது, யார் கம்பைல் செய்தது என்று விசாரிக்கத் தொடங்க வேண்டும். விசாரிக்க வேண்டிய ஆள் வேறு கம்பெனியில் இருப்பார்.