கொல்லைக் கோழிக்கு ஒரு கூடு
(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதில் பேச என்ன இருக்கிறது, நம் பாட்டிமார் யாரிடம் பயிற்சி பெற்றுக் கோழி வளர்த்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டி வீட்டில் பொரித்த குஞ்சுகளில் எத்தனை பெரிதாகி முட்டையிட்டன என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அடை வைத்தால் குஞ்சும் பொரிக்கும். அந்தக் குஞ்சுகளைப் பருந்தும் காக்கையும் கீரியும் பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சத்தை வெள்ளைக் கழிச்சல் கொண்டுபோகும். ஆகவே, இருக்கிற கோழி சாகாமல் காப்பதுதான் கொல்லைக் கோழி வளர்ப்பில் முதல் இலாபம். அதற்குத்தான் கூடு.

நான் கட்டிய முதல் கூட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1994-ஆம் ஆண்டு, நான் வேலையில் சேர்ந்த புதிது. மானாவாரிக் கிராமம் எங்களுடையது. என் தாயார் பதினைந்து கோழி வைத்திருந்தார். அவை இரவில் முருங்கை மரத்தில் அடையும். தீபாவளிக்கு முன் சேவல்களையும் சில பெட்டைகளையும் விற்று, இரண்டு ஆட்டுக்குட்டி வாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். படித்த பிள்ளை நான் சும்மா இருப்பேனா? காகிதத்தில் படம் வரைந்து, நான்கு மூலையிலும் கம்பு நட்டு, சுற்றிலும் கோழி வலை அடித்து, தரையோடு தரையாக ஒரு கூடு கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு மனமில்லை. எனக்காகக் கோழிகளை மரத்திலிருந்து இறக்கிக் கூட்டில் அடைத்தார்.

பத்தாம் நாள் இரவு இரண்டு தெருநாய்கள் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயின. விடிந்து பார்த்தால் பதினோரு கோழி செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் கடித்துப் போட்டது. மரத்தில் இருந்திருந்தால் பறந்து தப்பியிருக்கும். நான் அடைத்து வைத்ததால் தப்ப வழியில்லாமல் போயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஞ்சிய நான்கையும் அன்று மாலையே மறுபடி மரத்தில் ஏற்றிவிட்டார்.

கோழி வலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. அறுகோணக் கண் உள்ள அந்த மெல்லிய வலை பகலில் குஞ்சுகளை அடைத்து மேய விடுவதற்குச் சரி. இரவுக் கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் சிறு கூட்டுக்கு அதிகம் தேவைப்படாது. வலையைச் சட்டத்தின் மேல் வைத்து ஆணி மட்டும் அடித்தால் போதாது. அதன் மேல் ஒரு ரீப்பர் வைத்துச் சேர்த்து அடிக்க வேண்டும். என் கூட்டில் வலை கிழிந்ததைவிட ஆணி பிடுங்கிக்கொண்டு வந்ததுதான் அதிகம்.

அளவுக்கு வருவோம். இரவில் அடைய ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். பத்துப் பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள கூடு தாராளம். உயரம் முன்பக்கம் மூன்று அடி, பின்பக்கம் இரண்டரை அடி. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் ஏறாது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நான்கு கால் மேல் நிற்க வேண்டும். காலுக்குப் பனஞ்சட்டமோ சவுக்கோ எது கிடைக்கிறதோ அது. மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசிவிடுங்கள், கரையான் அண்டாது. ஒவ்வொரு காலிலும் வேஸ்ட் ஆயிலில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டினால் எறும்பு ஏறாது. துணி காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும்.

அடித்தளத்துக்கு மூங்கில் பிளாச்சுகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு நாறாது. உள்ளே குறுக்காக இரண்டு உருண்டைக் கழிகள் கட்டுங்கள். கோழிக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு உறங்குவதுதான் இயல்பு. கூரைக்குத் தகரம் போட்டால் மேலே கீற்று வேய்ந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சித்திரை வைகாசியில் சூடு தாங்காது. ஒரு பக்கம் முழுவதும் கீல் வைத்துத் திறக்கும்படி அமைப்பது நலம். சிறு கதவு மட்டும் வைத்தவர்கள் கூட்டைக் கழுவாமலே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கை நுழையாத கூட்டை யார் சுத்தம் செய்வார்கள்?

மண் சுவர்க் கூடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெடிப்பில் உண்ணி குடியேறும். பகலெல்லாம் வெடிப்புக்குள் மறைந்திருந்து, இரவில் வெளியே வந்து இரத்தம் குடிக்கும். கோழி இளைத்துக்கொண்டே போகும், காரணம் தெரியாது. கோழியே இல்லாமல் கூடு பல மாதம் சும்மா கிடந்தாலும் அந்த உண்ணி சாகாது. மண் சுவர் வைத்திருப்பவர்கள் வெடிப்பைப் பூசி, அடிக்கடி சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

கூட்டை எங்கே வைப்பது? படுக்கையிலிருந்து கோழிச் சத்தம் காதில் விழும் தூரத்தில். வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

இனி அன்றாட வேலை. காலையில் திறந்து விடுவதும் மாலையில் அடைப்பதும் பெரிய வேலையல்ல, ஆனால் தவறக்கூடாத வேலை. இருட்டுவதற்கு முன் எண்ணி அடையுங்கள். தண்ணீர்த் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். ஒரு கோழி கால் லிட்டர் வரை குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். தீனி பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். மாலையில் ஒரு கை குருணையோ கருக்காயோ போட்டால் அடைக்கக் கூப்பிடுவதற்கும் அதுவே வழி. குஞ்சுகளுக்குக் கரையான் நல்ல தீனி. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானை நிறையக் கரையான் இருக்கும்.

தாய்மார்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும், கோபிக்கக்கூடாது. அடுப்புச் சாம்பலையும் கோழி எருவையும் ஒரே குழியில் கொட்டுகிறீர்கள். சாம்பல் சேர்ந்தால் எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். மூக்கில் ஏறும் நெடியே அதற்கு அடையாளம். கூட்டின் கீழே காய்ந்த சருகையோ கடலைத் தோலையோ பரப்பி, எச்சத்தோடு வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் போடுங்கள். சாம்பலை மரத்தடியில் ஒரு சிறு பள்ளத்தில் மணலோடு கலந்து வையுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும், செல்லு குறையும்.

அடை வைக்கும்போது கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது நம் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாது என்பார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் முட்டையின் வயதையும் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடை வைக்காதீர்கள். கோடையில் மூன்று நான்கு நாளே அதிகம். பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒரு கோழியால் நன்றாக மூட முடியும். 21-ஆம் நாள் குஞ்சு வரும். சில வாரம் பஞ்சாரத்தில் தாயோடு கவிழ்த்து வையுங்கள்.

என் கதையில் இன்னும் பாதி இருக்கிறது. பதினோரு கோழி போன குற்ற உணர்வில், அடுத்த வாரமே சந்தைக்குப் போய் எட்டுப் பெட்டை வாங்கி வந்து அம்மாவின் நான்கோடு சேர்த்து விட்டேன். ஒரு வாரத்தில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் உட்கார்ந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பத்து நாளில் கொல்லை காலியாயிற்று. அத்தோடு நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தியின் கோழிகளும் செத்தன. அவருக்கு அந்த முட்டைக் காசுதான் கைச்செலவுக்கு. என் சம்பளத்திலிருந்து பணம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இராணிக்கெட் என்று புத்தகத்தில் இருக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான் உண்டு. இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். சொந்தக் கொல்லையில் செய்யவில்லை. புதிதாக வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியாக, தனித் தட்டு வைத்து, மற்றவற்றுக்குத் தீனி போட்ட பிறகு கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென்று இருவார முகாம் நடத்துவது வழக்கம். கோழியைப் பகலில் திறந்துவிட்டு முகாமுக்கு எங்கே பிடிப்பது என்று கேட்கிறார்கள். கூடு இருந்தால் அந்தச் சிரமம் இல்லை. விடியற்காலை கதவைத் திறக்காமல் ஊசி போடுபவரை அழைத்து வரலாம். மருந்தைப் பனிக்கட்டியோடு பிளாஸ்க்கில் கொண்டு வரவேண்டும், கலந்த பின் வைத்திருக்கக்கூடாது. செத்த கோழியைக் குப்பையில் எறியாமல் ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள்.

கொல்லையைச் சில மாதம் காலியாகவே விட்டு, இப்போது சொன்ன அளவில் இரண்டு கூடு கட்டினேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று சித்திக்கு. பணம் வாங்காதவர் கூட்டை வாங்கிக்கொண்டார். அம்மாவின் முதல் அடையில் பதினோரு குஞ்சு வந்தது. ஆறை அவர்தான் பஞ்சாரத்தில் வைத்து வேலி தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆட்டுக்குட்டி மட்டும் அதற்கு அடுத்த ஆண்டு தீபாவளிக்குத்தான் வந்தது.

கூட்டின் மாதிரி ஒன்றை வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறோம். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.